ஏட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்

எங்கள் சபையின் நற்கருணை ஏட்டுக்கு நீல நிறக் காலிகோ அட்டை. முதுகு கிழிந்து, அதன்மேல் பழுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பும் ஓரம் பிரிந்து கிடக்கும். ஒரு கல்யாண ஆல்பம் அளவு இருக்கும். திடப்படுத்தல் சடங்கு முடித்து நற்கருணை எடுக்கத் தகுதியானவர்களின் பெயர்கள், அவரவர் கையெழுத்தோடு, அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எந்த ஞாயிறு யார் வந்தார்கள் என்பதற்குப் பக்கத்தில் சின்னச் சின்ன டிக் அடையாளங்கள். அந்த ஏட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்கூட்டியின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, செயலாளரய்யா எங்கள் சந்துக்குள் திரும்புவதை எத்தனையோ சனிக்கிழமை சாயங்காலம் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்வேன். அவர் உள்ளே வந்து, செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு, உட்காராமலே ஜெபத்தைத் தொடங்குவார். முதலமைச்சர், அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. என்று ஒவ்வொருவருக்கும் ஞானம் கேட்டு முடிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போய்விடும்.

அவர் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். அதற்கு முன்பு முப்பது வருடத்துக்கு மேல் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர். சபையும் தாலுகா ஆபீசும் ஒரே ஆளுக்குள் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரைத்தான் சாட்சி சொல்ல வேண்டும். பாவம் எது, புண்ணியம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எந்தக் கடிதம் எந்த மேசை வழியாகப் போக வேண்டும் என்பதிலும் கிடையாது. சட்டசபை கூடுகிறது என்றால் மூன்று செய்தித்தாள் வாங்கி, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படிப்பார். மதுக்கடை, லாட்டரி, செல்போனில் ஆடும் சூதாட்டம், தியேட்டரில் அதிகாலைக் காட்சி என்று அவர் எழுதாத மனு இல்லை. "ஓட்டுப் போட்டுட்டு ஊட்டுல போயிக் குந்திக்கறதுக்கா அம்மிணி நம்மள பூமிக்கு உப்புன்னு வேதத்துல சொல்லியிருக்குது? சட்டம் எழுதறவங்களுக்கு நாமதானுங்க எழுதோணும்" என்பார். மனுவின் தலைப்பில் 'பொருள்', 'பார்வை' இரண்டும் இருக்க வேண்டும். பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். ஒப்புகை அட்டை திரும்பி வந்தால் அதற்கும் ஒரு வரிசை எண் போடுவார். பதில் வந்ததா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து சபையின் டைப்பிஸ்ட் நான்தான். பகலெல்லாம் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்று, பீஸ் பீஸாக விரித்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, வீட்டிலும் அவருடைய வாக்கியங்களில் ஓட்டை பார்க்கிற வேலை. 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதை 'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று மாற்றுவார். அடுத்த வாரம் வந்து 'பணிவன்புடன்' என்பதை எடுத்துவிடுவார், கெஞ்சுவது போல இருக்கிறதாம். அதற்கடுத்த வாரம் திரும்பவும் போடச் சொல்வார். என் கணவரைக் குடிதான் கொண்டுபோனது என்பதால் மதுக்கடை மனுக்களை மட்டும் முணுமுணுக்காமல் அடித்துக் கொடுத்தேன். மற்றதற்கெல்லாம் முணுமுணுத்தேன். அதிகாலைக் காட்சியால் யார் குடி கெட்டது என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "நீ அடி அம்மிணி, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்த மசோதா பற்றிய செய்தியை வெட்டிக்கொண்டு வந்தார். வார விடுமுறை என்றால் அது ஞாயிறுதான் என்று இருந்த வழக்கத்தைத் தளர்த்தி, கம்பெனிகள் தங்கள் வசதிக்கு ஏழு நாளில் எந்த நாளை வேண்டுமானாலும், ஆளுக்கு ஒரு நாளாகக்கூடப் பிரித்துக் கொடுக்கலாம் என்று சட்டம் திருத்தப் போகிறார்களாம். மிஷின் ஒரு நாளும் நிற்க வேண்டியதில்லை. ஷிப்மென்ட் தாமதமாகாது. செயலாளரய்யா அந்தத் துண்டில் சிவப்புப் பேனாவால் மூன்று கோடு போட்டிருந்தார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிப்பது பத்துக் கற்பனைகளில், அதாவது பத்துக் கட்டளைகளில், ஒன்று. அதில் கை வைக்கிறார்கள் என்றால் அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கற்பனையை நினைத்து அல்ல.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காங்கேயத்துக்கு அப்பால் ஒரு பள்ளியின் ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் காலையில் எட்டரைக்குப் போய், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வருகிறவளால் வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக வீட்டில் விட முடியவில்லை. ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பார்க்க விடுவார்கள். வேறு நாளில் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். ஒருமுறை வார்டனிடம் கெஞ்சிப் பார்த்தேன், "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்று முடித்துவிட்டார். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் என் கால் நின்றது. அங்கே நான் தனியாகவும் போகவில்லை. செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கிற அக்காவின் மகளும் அதே ஹாஸ்டல், அதே வகுப்பு. அக்கா முருக பக்தை, சிவன்மலைக்குக் கிருத்திகை தவறாமல் போகிறவர். அவர் வீட்டுக்காரருக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை. பட்டறை ஓடாத நாள்தான் அவருக்கு லீவு, அது எந்த நாள் என்று அவருக்கே தெரியாது. ஹாஸ்டலைப் பற்றி அக்காவுக்குச் சொல்லி, அப்ளிகேஷன் வாங்கிக் கொடுத்து, பெண்ணைச் சேர்த்துவிட்டது நான்தான். நான் சர்ச்சிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன், அக்கா டிபன் தூக்கோடு நின்றிருப்பார், ஒரே சீட்டில் உட்கார்ந்து போவோம். வரும்போது காலித் தூக்கு அக்காவின் மடியில் இருக்கும்.

ஆகவே மனு அடிக்க உட்கார்ந்தபோது முதல் தடவையாக எனக்கு உற்சாகம் இருந்தது. கம்பெனியில் நானூறு பெண்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற எந்தத் தாயும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க மாட்டாள். டீ டைமில் பேப்பரை நீட்டினால் கால் மணி நேரத்தில் இருநூறு கையெழுத்து விழும், ஒரிசாவிலிருந்து வந்த பிள்ளைகள்கூடப் போடுவார்கள் என்று சொன்னேன். செயலாளரய்யா ஏட்டின் மேல் கையை வைத்தார்.

"பேர் ஏட்டுல இருக்குதுங்களா?"

"அவங்க எப்படிங்கய்யா ஏட்டுல இருப்பாங்க?"

"அப்ப வேண்டாமுங்க அம்மிணி. நாளைக்கு ஒரு விசாரணை வந்து, இந்தக் கையெழுத்துப் போட்டது யாருன்னு கேட்டா, நான் பதில் சொல்லோணுமல்லங்க? ஏட்டுல இருக்கறவங்கன்னா எனக்குத் தெரியும். பொறந்தது, ஞானஸ்நானம் வாங்குனது, ஊடு எங்கன்னு எல்லாம் காட்டீருவேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்து, சேர்ந்தே மனு கொடுக்கலாம் என்று கூப்பிட்டார்கள். கொடி பிடிக்கிறவர்களோடு சபைக்கு என்ன ஐக்கியம் என்று அவர்களுக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு மூன்று வாரம் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். மனு முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். போட்ட கையெழுத்து ஏட்டில் இருக்கிற கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று வேறு பார்ப்பார். ஒத்தைத் தலைமுடி வித்தியாசம் இருந்தால் இன்னொரு தடவை. கண் தெரியாத ஒரு தாத்தாவிடம் நான்கு தடவை வாங்கியதாகக் கேள்வி. மூன்று வாரத்தில் சேர்ந்தது தொண்ணூற்று நாலு பேர். எங்கள் கம்பெனியில் ஒரு லைனில் நிற்கிற ஆட்கள் அதைவிட அதிகம்.

எம்.எல்.ஏ. ஆபீசில் பி.ஏ.விடம் நேரம் கேட்டதும் நான்தான். சார் சென்னை கிளம்புகிறார், ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், அரை மணி நேரம் உங்களுக்கே ஒதுக்கித் தருகிறேன் என்றார் அவர். நல்ல மனுஷன். போனை வைத்துவிட்டு ஓடிப்போய் செயலாளரய்யாவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைய உட்டுப்போட்டு, ஞாயித்துக்கிழமைய காப்பாத்துங்கன்னு கேக்கப் போறதுங்களா? அவரு சிரிக்க மாட்டாரு?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாருங்கய்யா. கேட்பாரல்ல?"

"முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க அம்மிணி."

அந்த 'முறை'யைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்திருந்தது. அன்றைக்கு வாய்விட்டே திட்டிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போனோம். நான் அரை நாள் லீவு. எம்.எல்.ஏ. ராத்திரியே ரயிலேறிவிட்டார். பி.ஏ. மட்டும் உட்கார்ந்து மனுவைப் புரட்டினார். புரட்டியவர் ஒரு யோசனை சொன்னார். மசோதாவையே வேண்டாம் என்றால் நடக்காது, பெரிய கம்பெனிகளெல்லாம் கேட்டு வாங்குகிற சட்டம் இது. ஆனால் இந்தத் தொண்ணூற்று நாலு பேரைப் போல வழிபாட்டுக்காக ஒரு நாள் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டால் சாரால் பேச முடியும். வேறு ஊர்களிலிருந்தும் சபைகள் இதே மாதிரி எழுதுகின்றன. ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள், இன்றே மெயில் பண்ணிவிடுகிறேன் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று செயலாளரய்யா யோசித்தார். எல்லாருக்கும் ஞாயிறு என்றே கேளுங்கள் என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எல்லாரும் எங்கிட்ட எழுதிக் குடுக்கலியேங்க. கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான் நான் கேக்க முடியும். கேக்காதவங்க பேரச் சொல்லிக் கேட்டா அது பொய்யாப் போயிருமுங்க." கேட்க விடாமல் செய்ததே அவர்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வழிபாட்டின் பொருட்டுக் குறிப்பிட்ட ஒரு நாளில் ஓய்வு வேண்டுவோர், தாம் சார்ந்த வழிபாட்டு அமைப்பின் உறுப்பினர் சான்றைக் கொடுத்தால், நிர்வாகம் அந்நாளையே வார விடுமுறையாக வழங்க வேண்டும். 'அந்நாளை' என்று அவர் சொன்னதை 'அந்நாளையே' என்று மாற்றியது நான். கம்பெனிக்காரர்கள் வழுக்கிக்கொண்டு போக இடம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதைப் படித்துவிட்டு, "பரவால்லீங்க அம்மிணி, நீயும் கிளார்க் ஆயிட்ட" என்றார். அவர் வாயால் வந்த ஒரே பாராட்டு. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சட்டம் வந்தது. அந்த விலக்கும் அதோடு வந்தது. எங்கள் மனுவால்தான் வந்ததா, மற்ற ஊர்ச் சபைகள் எழுதியதால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் அந்த வாக்கியத்தைப் படித்தபோது 'அந்நாளையே' என்று இருந்தது. சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். மறுவாரம் செயலாளரய்யா ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முத்திரை போட்ட சான்றிதழ்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். நானும் வரிசையில் நின்று வாங்கினேன். திங்கட்கிழமை ஹெச்.ஆர். டேபிளில் வைத்தேன். ஞாயிறு என்று என் கார்டில் அடித்துக் கொடுத்தார்கள்.

எதிர் டேபிள் அக்காவுக்கு வார லீவாக வெள்ளிக்கிழமை விழுந்தது. ஹெச்.ஆரிடம் போய், ஞாயிறு போட்டுக் கொடுங்கள், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிள்ளையைப் பார்ப்பதெல்லாம் சட்டத்தில் இல்லை, கோயில் சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா விடவில்லை. தெரு முருகன் கோயில் பூசாரியிடம் போனார். பூசாரியும் நல்லவர்தான். "செவ்வாய்க்கிழமைக்கு வேணா எழுதித் தர்றனுங்க, கிருத்திகைக்கு எழுதித் தர்றனுங்க. ஞாயித்துக்கிழமைக்கு முருகன் என்னத்தங்க பண்ணுவான்? அதுவுமில்லாம மெம்பர்னு சொல்ல நம்ம கோயில்ல ஏட்டுக்கு எங்க போறது?" என்று கையை விரித்துவிட்டார். அதன் பிறகுதான் அக்கா என்னிடம் வந்தார். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"உங்க சர்ச்சுல எழுதித் தருவாங்களாங்க? நான் வேணா வாரா வாரம் வந்து உக்காந்துக்கறனுங்க. என்ன பாடச் சொல்றாங்களோ பாடறனுங்க."

அக்காவைக் கூட்டிக்கொண்டு செயலாளரய்யா வீட்டுக்குப் போனேன். அவர் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். ஏட்டை எடுக்கவில்லை. "உங்க பேர ஏட்டுல எழுதுனா அது பொய்யிங்க. நெசமாவே எழுதோணும்னா நீங்க உங்க சாமிய உடோணும். ஒரு ஞாயித்துக்கிழமைக்காக அதக் கேக்கறதுக்கு எனக்கு வாய் வரலீங்க தாயி" என்றார். அவர் சொன்னது சரி. அதைவிட நேர்மையாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. அக்கா எழுந்து கும்பிட்டுவிட்டு, "பரவால்லீங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் என்னிடம் வேறு ஏதேதோ பேசினார்.

அந்த ஞாயிறிலிருந்து பஸ்ஸில் நான் மட்டும் போனேன். அக்கா சனிக்கிழமையே இரண்டு தூக்கு கொடுத்துவிடுவார், ஒன்றில் சோறு, ஒன்றில் பணியாரம். ஹாஸ்டல் ரிஜிஸ்டரில் அவர் பெண்ணுக்கு நேரே உறவு என்ற இடத்தில் 'சித்தி' என்று எழுதினேன். முதல் வாரம் அந்தப் பிள்ளை கேட் வரைக்கும் ஓடிவந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இரண்டாவது வாரமும் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். என் மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும்போது அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பணியாரத்தைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருப்பாள், தின்னமாட்டாள். நான்கைந்து மாதம் கழித்து எங்களைப் பார்க்க வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டாள். படிக்கிறாளாம் என்று மகள் சொன்னாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பிப் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிறகு ரிசல்ட் வந்தபோது மார்க் நன்றாகத்தான் வாங்கியிருந்தாள்.

அவள் பெட்டியோடு வந்த அன்றைக்குச் சாயங்காலம் செயலாளரய்யா வீட்டுக்குப் போய், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். உங்கள் முறை என்ன செய்திருக்கிறது பாருங்கள் என்றேன். இருநூறு கையெழுத்தை வாசலோடு திருப்பி அனுப்பினீர்களே என்றேன். அவர் மறுத்துப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "ஆமாங்க அம்மிணி" என்றார். "நான் நம்மாளுகளக் காப்பாத்தோணும்னுதான் பாத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறாங்கன்னு பாக்கல." மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒரு புது மனு அடிச்சுக் குடுக்கறீங்களா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வேறு என்ன செய்ய அவருக்குத் தெரியும்? அடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை 'எல்லாத் தொழிலாளர்களுக்கும்' என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் இல்லை. முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். சபை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தால், கேட்டுக்கு எதிரே, டீக்கடை நிழலில், வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஏடு இல்லை, கிளிப் போட்ட அட்டை மட்டும். டீ டைமுக்கு வெளியே வந்த பெண்களிடம் ஒவ்வொருவராகப் போனார். இங்கேயும் மனு முழுவதையும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்! பத்து நிமிட டீ டைமில் இரண்டு பேருக்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார், மாடி ஜன்னலில் ஹெச்.ஆர். பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் தலையைக் குனிந்தபடி விலகிப் போனார்கள். அக்காவிடம் நீட்டினார். அக்கா தன் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அன்னிக்கே கேட்டிருந்தா அத்தன பேரும் போட்டிருப்போமுங்க சாமி. இப்பப் போட்டா இருக்கற வேலையும் போயிருமுங்க" என்றார். வெயில் கடுமையாக இருந்தது. அவருடைய ஸ்கூட்டியிலேயே பின்னால் உட்கார வைத்து அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அவர் பிறகும் பல ஞாயிறு அங்கே போய் நின்றார். கடைசியில் பதினேழு கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்க ஆராதனையில் எல்லாரும் அவருடைய சாட்சியுள்ள ஜீவியத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் அழுதேன், அவர்மேல் இருந்த எரிச்சல் அப்போதும் போகவில்லை.

இந்த மாதம் அந்தப் பதினேழு கையெழுத்து மனுவுக்குப் பதில் வந்தது. சபை விலாசத்துக்கு, அவர் பெயர் போட்டு. இத்தனை மனு எழுதியவருக்கு வந்த முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரே பத்திதான். வழிபாட்டின் பொருட்டுக் குறிப்பிட்ட நாளில் ஓய்வு வேண்டுவோர்க்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழிவகை உள்ளது, மனுதாரர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி, எங்கள் வாக்கியத்தையே எங்களுக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை டீ டைமில் அதை அக்காவிடம் காட்டினேன். என் மகள் கோயமுத்தூரில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். அக்காவின் மகள் பதினெட்டு முடிந்ததும் எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டாள், பேட்லாக் தையல் மிஷினில் இருக்கிறாள், கை சுத்தம், வேகம். அவளுக்குப் புதன்கிழமை லீவு, அக்காவுக்கு இன்னும் வெள்ளிதான். ஒரே நாளாகப் போட்டுக் கொடுங்கள் என்று இரண்டு பேரும் போய்க் கேட்டும் நடக்கவில்லை. அக்கா கடிதத்தை விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்து, நான்காக மடித்து, என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு நீங்க சர்ச்சுக்குப் போகோணுமல்லங்க" என்றார். "ஷிப்மென்ட் இருக்குது. உங்க டேபிளையும் நானே பாத்துக்கறனுங்க."

எத்தனையோ ஞாயிறாக என் டேபிளையும் சேர்த்துப் பார்ப்பது அவர்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. சரிங்க அக்கா என்றேன். மறுநாள் சர்ச்சுக்குப் போனேன்.